வெள்ளை கவுனுக்கு எடுத்த ஆரத்தி

இந்தத் தொழிலில் என் முதல் சாதனை, விற்பனைக்குத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு வரிசை கவுன்களை ஒரே நாளில் உருப்படாமல் செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் அள்ளி விடப்போகும் புத்திமதிகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கராஜில் தையல் எந்திரம் போட்டு, பகலில் சாஃப்ட்வேரும் மற்ற நேரத்தில் ராணி உடுப்புமாக டெக்சாஸிலும் நியூஜெர்சியிலும் சன்னிவேலிலும் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, நான் இதற்குள் வந்தது உங்களைப்போல ஆசைப்பட்டு அல்ல. கோமதி நர்ஸ். கிரீன் கார்டு அவளுக்குக் கிடைத்தது. நான் அவளோடு வந்த லக்கேஜ். கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். ‘துணி தெரிந்த ஆள் தேவை’ என்று ஹூஸ்டனில் ஒரு கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே போனேன். துணி எனக்குத் தெரியும். அதைப் பெண்கள் உடுத்துவார்கள் என்ற கோணத்தில் நான் யோசித்ததில்லை. பெண்கள் உடையைப் பற்றி எனக்கு இருந்த அனுபவமெல்லாம், கோமதியின் ஜாக்கெட்டை டைலரிடம் கொடுத்து வாங்கிவருவது வரைக்கும்தான்.

அந்தப் பட்டறை ஹில்கிராஃப்ட் சாலையில், நம்மூர் மளிகைக் கடை ஒன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டு இருந்தது. முன்பக்கம் கொத்தமல்லிக் கட்டு, பின்பக்கம் கோட்டைச் சீமாட்டி. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஊருக்கு வெளியே பைன் மரக் காட்டில் ஒரு பழங்காலத் திருவிழா நடக்கும். வாரமெல்லாம் வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்க்கும் பெண்கள், சனி ஞாயிறுகளில் அங்கே ராணியாக, சூனியக்காரியாக, சிறகு முளைத்த வனதேவதையாக உலவுவார்கள். அவர்களுக்குக் கையால் தைத்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. பட்டறையை நடத்திய அம்மாள் முன்பு இசை நாடக மேடைகளுக்கு உடை தைத்தவர். ஆறடி உயரம். வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும். அதனாலோ என்னவோ சொற்களைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார். நான் அவரை முதலாளியம்மா என்றே சொல்லி வந்தேன், இப்போதும் அப்படியே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவர் வெளியே போயிருந்தார். தொங்கிக்கொண்டிருந்த கவுன்களைப் பார்த்தேன். எல்லாமே முதுகுப் பக்கம் திறந்து கிடந்தன. இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, குறுக்கும் நெடுக்குமாக நாடா கோத்திருந்தது. அடப்பாவமே, கொக்கி தீர்ந்துபோய்த் தற்காலிகமாகப் பாவாடை நாடாவைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முன்பக்கக் கடையில் ஜாக்கெட் கொக்கி இருந்தது. அட்டை அட்டையாக வாங்கிவந்து, நாடாவையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, ஓட்டைகளைத் தைத்து மூடி, வரிசையாகக் கொக்கி வைத்தேன். அவர் வரும்போது அசந்துபோக வேண்டும் என்று வாசலிலேயே நின்றேன்.

அசந்துதான் போனார். ஒரு கவுனைத் திருப்பினார், அடுத்ததைத் திருப்பினார், வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இதை உன்னிடம் யார் கேட்டார்கள்?”

அவ்வளவுதான். அடுத்த ஒரு வாரம் நான் கொக்கி பிரித்தேன். நாடாதான் அந்த உடைகளின் அழகு என்பதும், இழுத்துக் கட்டக் கட்டத்தான் இடுப்பு ராணியின் இடுப்பாகும் என்பதும் எனக்குப் பிரிக்கப் பிரிக்கப் புரிந்தது.

இதிலிருந்து நான் பாடம் கற்றிருப்பேன் என்று நினைக்கிறீர்கள். கொக்கி விஷயத்தில் மட்டும் கற்றேன். மஞ்சள் விஷயத்தில் கற்கவில்லை.

புதுத்துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் வைத்துவிட்டுத்தான் உடுத்த வேண்டும். அது எனக்கு ரத்தத்தில் ஊறியது. கோமதி ஒரு பிலிம் டப்பாவில் மஞ்சள்தூள் போட்டுக் கொடுத்திருந்தாள். என் கத்திரிக்கோல் பெட்டியில் அது இருக்கும். பட்டறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வோர் உடுப்புக்கும், யாரும் பார்க்காதபோது, உள் மடிப்பில் ஒரு பொட்டு வைத்துவிடுவேன். சிவப்பு வெல்வெட், காட்டுப் பச்சை, கத்தரிப்பூ நிறம் எல்லாவற்றுக்கும் வைத்தேன். யார் கண்ணிலும் பட்டதில்லை. டெக்சாஸின் சூனியக்காரிகள் பலர் சுமங்கலி லட்சணத்தோடு திரிந்தார்கள். அது அவர்களுக்கே தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் நித்யா வந்தாள். ஹூஸ்டனிலேயே பிறந்து வளர்ந்த பெண், ஒரு எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியர். அவளுடைய அம்மாவை ஊரில் தமிழர் எல்லாருக்கும் தெரியும். திருச்சிக்காரர், எங்கள் எல்லாருடைய சளிக்கும் சர்க்கரைக்கும் அவர்தான் டாக்டர். டாக்டரம்மா என்றால் போதும். நித்யாவின் மாப்பிள்ளை மைக்கேல் வாரநாளில் கம்ப்யூட்டர் ஆசாமி, வார இறுதியில் அந்தத் திருவிழாவில் வாள்சண்டை வீரன். கோயிலில் முகூர்த்தம் முறைப்படி முடிந்துவிட்டது. அடுத்த மாதம் திருவிழாக் காட்டில், அவர்கள் இருவரும் சந்தித்த மரத்தடியில், இன்னொரு கல்யாணம். அதற்கு ஒரு கவுன் வேண்டும். பழைய காலத்துச் சீமாட்டி போல, தரையைத் தொடும் கைகளோடு, தந்த வெள்ளைப் பட்டில்.

முதல் முறை உடுத்திப் பார்த்தபோது கண்ணாடி முன் நின்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

“அம்மா வரமாட்டாங்க, அங்கிள்.”

“ஏம்மா?”

“காடுன்னு ஒரு காரணம். கத்தியெல்லாம் வெச்சிருப்பாங்கன்னு ஒரு காரணம். பட் தி ரியல் ரீசன் இஸ் திஸ்.” கவுனைத் தொட்டுக் காட்டினாள். “கல்யாணப் பொண்ணு வெள்ளை போடக்கூடாதாம். ஷீ வோன்ட் ஈவன் லுக் அட் இட்.”

“கலரை மாத்திடலாமா?”

“எனக்குப் பத்து வயசுல இருந்து இதே கவுன்தான் வேணும், அங்கிள்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “அம்மாகிட்ட நான் பேசறேன்” என்று சொன்னேன். யார் கேட்டார்கள்?

இல்லாத தொண்டைவலி ஒன்றைத் தயார்செய்துகொண்டு டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனேன். “டாக்டரம்மா, நம்ம நித்யா கவுன் விஷயமா...” என்று தொடங்கும்போதே நாக்கை அழுத்தும் குச்சி என் வாய்க்குள் இருந்தது.

“ஆ சொல்லுங்க.”

“ஆ...”

“தொண்டை நல்லா இருக்கு. பேச்சைக் கொறைச்சுக்குங்க. நெக்ஸ்ட் யாரு?”

என் தூது அத்தோடு முடிந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை. முதலாளியம்மா திருவிழாக் காட்டில் எங்கள் கடையை அமைக்கப் போய்விட்டார். பட்டறையில் நானும் அந்தக் கவுனும் மட்டும். அதை டம்மி பொம்மைக்கு மாட்டி நிறுத்தியிருந்தேன். இவ்வளவு வெள்ளையான ஒன்றுக்கு நான் அதுவரை மஞ்சள் வைத்ததில்லை. நம்ம பொண்ணு, கல்யாணப் பொண்ணு வேறு என்று, எப்போதும் வைக்கிற பொட்டைவிடக் கொஞ்சம் தாராளமாகவே, முன்பக்கக் கரையின் உள்மடிப்பில் குழைத்து வைத்தேன். அப்புறம் நீராவி இஸ்திரிப் பெட்டியால் கடைசியாக ஒருமுறை தேய்த்தேன்.

நீராவிக்கும் மஞ்சளுக்கும் உள்ள அன்னியோன்னியத்தை நான் யோசிக்கவில்லை. பொட்டு பட்டைத் தாண்டி முன்பக்கம் எட்டிப் பார்த்தது. பதறாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பதறிப்போய், குளியலறை சோப்பை எடுத்துத் தேய்த்தேன். என் கண் முன்னாலேயே மஞ்சள் சிவந்தது. இரத்தச் சிவப்பு. உள்ளங்கை அகலத்துக்கு.

பிள்ளைகளே, எதையாவது கெடுத்துவிட்டால் முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கெடுதல் முதல் தடவை சின்னதாகத்தான் இருக்கும். அதை யாருக்கும் தெரியாமல் சரிசெய்கிறேன் என்று போகிற இரண்டாவது கைதான் அதைப் பெரிதாக்கும்.

கோமதியின் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

“ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி ஏதாச்சும் இருக்குதா? மஞ்சள்ல சோப்புப் போடுவாங்களா?”

“போட்டாச்சு கோமதி. இப்ப என்ன பண்றது?”

“சோப்பைத் தண்ணி விட்டு எடுங்க. எலுமிச்சம்பழம் தேய்ச்சா திரும்ப மஞ்சளாகும். அப்புறம் வெயில்ல வைங்க. மஞ்சள் வெயிலுக்கு நிக்காது. அந்தப் புள்ளைக்குச் சொல்லிட்டீங்களா?”

“சரியானதும் சொல்லலாம்னு...”

“சரியானதும் எதுக்குச் சொல்றது?” போனை வைத்துவிட்டாள்.

தண்ணீர் விட்டு அலசினேன். அக்டோபர் என்றாலும் ஹூஸ்டன் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. டம்மிக்குக் கீழே சக்கரம் உண்டு. அப்படியே பின்பக்கக் கார் நிறுத்தத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அரிசி மூட்டை இறக்கும் லாரிக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில், தலையில்லாத இளவரசி ஒருத்தி நீண்ட கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். அவளை நிறுத்திவிட்டு எலுமிச்சம்பழம் வாங்க ஓடலாம் என்றால், ஹூஸ்டன் கார் நிறுத்தங்களைச் சொந்தம் கொண்டாடும் அந்த நீளவால் கருங்குருவிகள் கும்பலாக வந்து மேலே கம்பியில் உட்கார்ந்தன. கருங்குருவி உட்கார்ந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதை என் காரின் கண்ணாடி பல தடவை எனக்குக் காட்டியிருக்கிறது. நான் நகர முடியவில்லை. கையை வீசி ‘ஷூ, ஷூ’ என்று கவுனைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன்.

“மிஸ்டர் பழனிசாமி, இது என்ன கூத்து?”

திரும்பினால் டாக்டரம்மா. கையில் குடை, தோளில் கடைப்பை. முன்பக்கம் இடம் கிடைக்காமல் பின்னால் காரை நிறுத்தியிருக்கிறார்.

“ஒண்ணுமில்லீங்க. காத்தாட வெச்சிருக்கேனுங்க.”

“இதானா அது?”

“எதுங்க?”

“நடிக்காதீங்க. என் பொண்ணு கவுன்தானே?” பார்க்கவே மாட்டேன் என்றவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். கரையைப் பார்த்ததும் குரல் மாறியது. “ஐயோ, ரத்தம்! எங்க வெட்டிக்கிட்டீங்க? கையைக் காட்டுங்க.”

“ரத்தம் இல்லீங்க டாக்டரம்மா. மஞ்சள்.”

“மஞ்சள் எப்படிச் செவப்பா இருக்கும்?”

“சோப்புப் போட்டேனுங்க.”

என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அந்த வருஷங்களில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கார் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா ஆரத்தி. மஞ்சளும் சோப்பும் கலந்தா அதே ஆரத்திதான். கவுனுக்கு ஆரத்தி எடுத்திருக்கீங்களா மிஸ்டர் பழனிசாமி?”

“அப்படித்தான் ஆகிப்போச்சுங்க.”

“மொதல்ல மஞ்சள் எதுக்கு வந்துச்சு?”

“புதுத்துணிங்க. கல்யாணப் பொண்ணு வேற. மஞ்சள் வெக்காம எப்படிங்க கையில குடுக்கறது?”

சிரிப்பு நின்றது. குனிந்து அந்தக் கரையை விரலால் தொட்டார். நிமிராமலே கேட்டார்.

“நித்யா வெக்கச் சொன்னாளா?”

நான் இத்தனை கதையும் சொன்னது இந்த இடத்துக்கு வருவதற்காகத்தான். ‘ஆமாங்க’ என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அம்மா மனசு இளகும், கல்யாணத்துக்கு வருவார், பெண் பூரித்துப்போவாள், என் முட்டாள்தனமும் சம்பிரதாயமாகிவிடும். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்ட பொய் பொய் மாதிரியே இருக்காது, புண்ணியம் மாதிரி இருக்கும். ஆனால் கல்யாணத்தன்று அந்த அம்மா மகளைக் கட்டிப்பிடித்து ‘நீயே மஞ்சள் வைக்கச் சொன்னியாமே’ என்பார். மகள் ‘என்ன மஞ்சள்?’ என்பாள். அந்த நிமிடம் அந்தக் காட்டில் வாள் வைத்திருக்கும் அத்தனை பேரும் என்னைத் தேடுவார்கள்.

“இல்லீங்க. நானாத்தான் வெச்சேன். அவளுக்குத் தெரியாது.”

டாக்டரம்மா மெல்ல நிமிர்ந்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

“சரி. தெரியாமலே இருக்கட்டும். இதை எடுக்காதீங்க.”

“டாக்டரம்மா...”

“வெறும் வெள்ளையா என் பொண்ணை நிக்கவெச்சுப் பாக்க என்னால முடியாது. இது இருந்தா நான் வர்றேன். அவகிட்ட கறை போகலைன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். அவர் வந்தால் நித்யாவுக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஒரு பொய்யைத் தாண்டி வந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. இந்த முறை மாப்பிள்ளை அழைப்புக்குப் போல அலங்காரத்தோடு. “ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேனுங்க. குருவியைக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று உள்ளே ஓடினேன்.

எனக்கிருந்த தைரியத்துக்கு முதலில் நித்யாவைக் கூப்பிடவில்லை. திருவிழாக் காட்டின் ஆபீசுக்குப் அடித்து முதலாளியம்மாவைப் போனுக்கு வரவழைத்தேன். பின்னால் சுத்தியல் சத்தம். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அந்த கவுன் யாருடையது?”

“நித்யாவுடையது.”

“பிறகு ஏன் எனக்குப் போன் செய்கிறாய்?”

வைத்துவிட்டார். அன்றைக்கு என்னிடம் போனை வைத்தவர்களில் அவர் இரண்டாவது ஆள்.

நித்யாவின் ஆபீசுக்கு அடித்தேன். கறை, சோப்பு, சிவப்பு எல்லாவற்றையும் சொன்னேன்.

“அங்கிள், ஆர் யூ சீரியஸ்?”

“சீரியஸ்தாம்மா. இன்னொண்ணு. அம்மா இங்கதான் இருக்காங்க. அந்தக் கறை இருந்தா கல்யாணத்துக்கு வர்றேங்கறாங்க.”

நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

“தட்ஸ் ப்ளாக்மெயில், அங்கிள்.” கார் சாவி குலுங்கியது. “எடுத்துடுங்க. கறையைப் பாக்க அவங்க வர வேணாம். என்னைப் பாக்க வந்தா வரட்டும். ஐம் கமிங் தேர்.”

வெளியே போய், சொன்னதைச் சொன்னபடி டாக்டரம்மாவிடம் ஒப்பித்தேன். ப்ளாக்மெயிலை மட்டும் வரும் வழியில் விழுங்கிவிட்டேன். அவர் கையிலிருந்த குடையை என்னிடம் கொடுத்தார், கடையின் முன்பக்கம் போகும் சந்தில் நடந்து மறைந்தார்.

போச்சு என்று நினைத்தேன். உண்மை பேசிய களிப்பெல்லாம் எனக்கு வரவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு அவள் அம்மா வராமல் செய்த பெருமை எனக்குச் சேர்ந்துவிட்டது என்றுதான் தோன்றியது. இளவரசியின் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு காவல்காரன் போல நின்றேன். கருங்குருவிகள் மேலிருந்து என்னைக் கேலி செய்தன.

சந்திலிருந்து டாக்டரம்மா திரும்பி வந்தார். கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம்.

“இந்தக் கடையில நல்ல பழமே கிடைக்க மாட்டேங்குது. கத்தி இருக்கா?”

“நீங்க எடுக்க வேணாம்னீங்களே...”

“அவ கவுன். அவ எடுக்கச் சொன்னா எடுத்துத்தான் ஆகணும். நீங்களா தேய்ச்சீங்கன்னா பட்டையே கிழிச்சிடுவீங்க. தள்ளுங்க.”

உள்மடிப்பின் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பட்டு தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் தொடரவிட்டேன். அதுவரை நான் செய்த காரியங்களில் உருப்படியானது அது ஒன்றுதான். டாக்டரம்மா பஞ்சில் சாற்றை நனைத்து, ஊசி போடுவதற்கு முன் தோலைத் துடைப்பது போல, ஒற்றி ஒற்றி எடுத்தார். சிவப்பு மஞ்சளாயிற்று. தண்ணீரால் ஒற்றிவிட்டு வெயில் படும்படி டம்மியைத் திருப்பினோம். வெயில் தன் வேலையைத் தொடங்கியது. அவர் குடையை என்னிடமிருந்து திரும்ப வாங்கி, மடக்கியபடியே கையில் வைத்துக்கொண்டு, குருவி இறங்கும்போதெல்லாம் ஓங்கினார். நெற்றியில் வியர்வை ஓடியது. நடுநடுவே கவுனின் கையை எடுத்து, தையலைத் திருப்பிப் பார்த்தார்.

“இதெல்லாம் கையாலயா போட்டீங்க?”

“ஆமாங்க.”

“ம்.”

அந்த ‘ம்’மை நான் சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

நித்யாவின் கார் வந்து நின்றது. கோபமாக இறங்கியவள், பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“அம்மா? இங்க என்ன பண்றே?”

“மாங்காய் வாங்க வந்தேன்.”

“மாங்காய் எங்கே?”

“நல்லா இல்லை. வாங்கலை.”

“மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கு. கையில குடை இருக்குல்ல? விரிச்சுக்கக் கூடாது?”

“விரிச்சா கவுன் மேல நெழல் விழும்.” சொன்ன பிறகுதான் தான் சொன்னது டாக்டரம்மாவுக்கே கேட்டது. சட்டென்று குருவியைப் பார்த்துக் குடையை ஓங்கினார். அங்கே குருவியே இல்லை.

நித்யா கரைப் பக்கம் குனிந்தாள். சிவப்பு போய்விட்டது. தேய்ந்த எலுமிச்சைத்தோல் நிறத்தில், தெரிந்தும் தெரியாமலும் ஒரு தடம்.

“இன்னும் முழுசா போகலை” என்றார் அம்மா. “இன்னொரு மணி நேரம் வெயில் காட்டினா சுத்தமா வெள்ளை ஆயிடும். மிஸ்டர் பழனிசாமி, அந்தப் பக்கம் திருப்புங்க.”

“வேணாம்.”

“என்ன வேணாம்?”

“இவ்வளவு இருக்கட்டும்மா.”

“நீதானே எடுக்கச் சொன்னே?”

“சொன்னேன். நீ எடுத்தே. இப்ப இருக்கட்டும்ங்கறேன். இட்ஸ் மை டிரஸ்.” மூக்கை உறிஞ்சினாள். “நீ வர்றியா இல்லையா?”

“நான் புடவையிலதான் வருவேன்.”

“உன்னை யாரும் கவுன் போடச் சொல்லலை.”

“சொன்னாலும் போடமாட்டேன்.”

“கேக்கவே இல்லையேம்மா!”

இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து, அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் அவருக்குச் சைகை காட்டினேன், நல்ல சண்டைதான் என்று.

முதலாளியம்மா அன்று மாலை வந்து கரையைத் திருப்பிப் பார்த்தார். என் கத்திரிக்கோல் பெட்டியைத் திறந்து பிலிம் டப்பாவை எடுத்தார். குப்பையில் போடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கொண்டுபோய் முன் மேசையில், வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைத்தார். “இனிமேல் கேட்டுவிட்டு வை” என்றார். அப்புறம் கேட்டுத்தான் வைத்தேன். வேண்டாம் என்றவர்களும் உண்டு. கொஞ்சம் கூடுதலாக வையுங்கள் என்ற வனதேவதைகளும் உண்டு. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் நம் கை தேவைக்கு மேல் வேகமாகப் போகும். கொக்கியிலும் அதுதான் நடந்தது, மஞ்சளிலும் அதுதான். அந்த வேகத்தில் ஒரு கேள்வி கேட்க நிற்பதுதான் நம் தொழிலில் கஷ்டம். மற்றதெல்லாம் ஊசியும் நூலும்.

கல்யாணத்தைச் சொல்லாமல் முடித்தால் கோமதி என்னை விடமாட்டாள். பைன் மரக் காட்டின் நுழைவாயிலில் இரும்புச் சட்டையும் ஈட்டியுமாகக் காவலர்கள். உள்ளே போகும் பெண்கள் எல்லாரும் கவுனிலும் சிறகிலும். அவர்களுக்கு நடுவில் அரக்குக் காஞ்சிபுரம், வைர மூக்குத்தி, காசுமாலை, தலை நிறைய பூவோடு டாக்டரம்மா நடந்து வந்தார். காவலன் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றினான்.

“மகாராணி எந்த தேசத்திலிருந்து வருகிறீர்கள்?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

“திருச்சி” என்றார்.

“திருச்சி தேசத்து மகாராணி வருகிறார், வழி விடுங்கள்!” என்று அவன் போட்ட சத்தத்தில் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ராணிகள் குனிந்தார்கள். சூனியக்காரிகள் குனிந்தார்கள். முதல் வணக்கத்துக்கு டாக்டரம்மா நெளிந்தார். இரண்டாவதுக்குத் தலையை அசைத்தார். மரத்தடிக்குப் போய்ச் சேர்வதற்குள் கையை உயர்த்தி ஆசீர்வாதமே செய்துகொண்டு வந்தார். அங்கே நித்யா நின்றாள், தந்த வெள்ளையில், தரையைத் தொடும் கைகளோடு. டாக்டரம்மா நேராகப் போய்க் குனிந்து, கரையைப் புரட்டி, அந்தத் தடம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி என் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அது புதுச்சட்டை.

அடுத்த வாரம் பட்டறைக் கதவு திறந்தது. டாக்டரம்மா, தனியாக. கவுனில் ஏதாவது பிரிந்துவிட்டதோ, தடம் பெரிதாகிவிட்டதோ என்று கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன். அவர் ஜன்னலோரம் நின்ற மயில்கழுத்து நிற வெல்வெட் கவுனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அதன் கையைத் தூக்கிப் பார்த்தார், முதுகு நாடாவை இழுத்துப் பார்த்தார். கைப்பையை மேசைமேல் வைத்தார். பிறகு என் முன்னால் வந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நேராக நின்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

“ஏனுங்க டாக்டரம்மா, புடவையிலதான் வருவேன், சொன்னாலும் கவுன் போடமாட்டேன்னு அன்னைக்குக் கார் நிறுத்தத்துல சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னது நீங்கதானுங்களே?”

“டேப்பை எடுங்க.”